10,000 லீரா: ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா'வில் தெருவித்தையும் அதன் கணக்கும்

ஃபெடரிக்கோ ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா' (1954) ஒரு கொடுக்கல் வாங்கலில் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளோடு பிணைத்த கூண்டுவண்டியில் ஊர்ஊராகத் திரியும் ஸாம்பனோ என்னும் வித்தைக்காரன் கடலோரக் குடிசை ஒன்றின் முன் வந்து நிற்கிறான். முன்பு அவனோடு சென்ற ரோசா இறந்துவிட்டாள். அவளது இடத்துக்குத் தங்கை ஜெல்சோமினாவை அனுப்பச் சம்மதித்த தாயின் கையில் 10,000 லீரா இருக்கிறது. தாய் அழுகிறாள். அழுதுகொண்டே, வீட்டில் உண்ணும் வாய் ஒன்று குறையும் என்றும் கணக்கிடுகிறாள். அவளது அழுகை பொய்யன்று, கணக்கும் பொய்யன்று. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக் காட்டும் இத்தொடக்கத்தைப் படம் பற்றிய விமரிசனங்கள் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடுகின்றன.

கடந்ததற்குக் காரணம் உண்டு. 1954இல் வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் வெள்ளிச் சிங்கம் விருதைப் பெற்றது. அதே விழாவில் போட்டியிட்ட விஸ்கோந்தியின் 'சென்சோ' வெறுங்கையோடு திரும்பியது. அதைத் தொடர்ந்து இத்தாலிய விமரிசகர்களிடையே பெரும் பூசல் மூண்டது. குய்தோ அரிஸ்தார்க்கோ உள்ளிட்ட இடதுசாரி விமரிசகர்கள், ஃபெலினி நவயதார்த்தவாதத்தைக் கைவிட்டு, வறுமையை அதன் சமூகக் காரணங்களிலிருந்து பிரித்துத் தனிமனித ஆன்மாவின் தவிப்பாக மாற்றிவிட்டார் என்றனர். பிரான்சில் ஆந்த்ரே பசான் அதை மறுத்து, ஆன்மாவையும் புறத்தோற்றத்தின் வழியாகவே காட்டும் ஃபெலினி நவயதார்த்தத்தின் எல்லைக்குள்தான் நிற்கிறார் என வாதிட்டார். இருதரப்பும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தாலும், இது ஆன்மாவைப் பற்றிய படம் என்பதில் உடன்பட்டன. அந்த உடன்பாட்டில் மறைந்துபோனது, படத்தில் யார் உழைக்கிறார்கள், காசு யார் கைக்குப் போகிறது என்னும் எளிய கேள்வி.

வித்தையும் பயிற்சியும்

ஸாம்பனோவிடம் உள்ள வித்தை ஒன்றே ஒன்று. மார்பில் கட்டிய இரும்புச் சங்கிலியின் கொக்கியை மூச்சின் விசையால் தெறிக்கவைப்பது. அதற்கு முன்னால் அவன் சொல்லும் முகவுரையும் மாறுவதில்லை: இரும்பின் உறுதி, நேரக்கூடிய ஆபத்து, மனம் இளகியோர் பார்க்க வேண்டாம் என்னும் எச்சரிக்கை. இவ்வித்தை படத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. முதன்முறை ஜெல்சோமினாவின் வியப்பு நிறைந்த முகத்தின் வழியாகப் பார்ப்பதால் பார்வையாளருக்கும் அது அதிசயமாகத் தோன்றுகிறது. இறுதிமுறை, முதுமை தட்டிய ஸாம்பனோ அதே சொற்களை உயிரின்றி ஒப்பிக்கும்போது, இதைச் சொல்லித்தான் இவன் இத்தனை ஆண்டுகள் சோறு தின்றிருக்கிறான் என்பது உறைக்கிறது. வாய்ச்சொல்லால் பிழைக்கும் அவன் இத்தாலியப் பதிப்பில் பேசுவது நடிகரின் குரலில்கூட அன்று. ஆங்கிலம் பேசி நடித்த ஆண்டனி குவின்னுக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். அக்காலத்து இத்தாலியத் திரையுலகில் இது வழக்கமான நடைமுறையே என்றாலும், இப்பாத்திரத்துக்கு அது விந்தையாகப் பொருந்திவிடுகிறது.

நாய்களையே பழக்கியவன் தான் என்ற பெருமிதம் ஸாம்பனோவுக்கு உண்டு. ஜெல்சோமினாவுக்கு முரசு கொட்டவும் அவனது வருகையை அறிவிக்கவும் அவன் கற்பிக்கும் காட்சியில், தவறும்போதெல்லாம் மெல்லிய குச்சி அவள் காலில் விழுகிறது. ஜூலியெட்டா மசினாவின் நடிப்பைச் சாப்ளினோடு ஒப்பிடுவது விமரிசன மரபாகிவிட்டது. ஒப்பீடு தவறன்று, ஆயினும் ஒரு வேறுபாட்டை அது மூடிவிடுகிறது. சாப்ளினின் நாடோடி எவருக்கும் கட்டுப்பட்டவன் அல்லன். வேலை பிடிக்காவிட்டால் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு அடுத்த சாலைக்குப் போய்விடுவான். ஜெல்சோமினாவின் சாலை இன்னொருவனுடைய வண்டியின் பின்பக்கம். கூட்டத்தைச் சிரிக்கவைப்பவள் அவள், தொப்பியேந்திக் காசு திரட்டுபவளும் அவள். திரட்டியது அவளுடையதன்று.

திருமணப் பந்தி நடக்கும் பண்ணைவீட்டுக் காட்சி இக்கணக்கை மிகக் கூர்மையாகக் காட்டுகிறது. குழந்தைகள் ஜெல்சோமினாவை மாடியில் ஒளித்துவைக்கப்பட்ட நோயாளிச் சிறுவனிடம் இழுத்துச் செல்கிறார்கள். அவனைச் சிரிக்கவைக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. அவள் ஆடிப் பார்க்கிறாள். அவன் சிரிப்பதில்லை, அகன்ற கண்களால் அவளைப் பார்க்கிறான். படத்தில் காசு எதிர்பாராமல் அவள் செய்யும் நிகழ்ச்சி இதுவே. வீட்டார் உடனே அவளைத் துரத்திவிடுகிறார்கள். அதே வேளையில் ஸாம்பனோ, வீட்டுக்காரியான விதவையிடம் தன் உடலைக் கொடுத்து அவளுடைய இறந்த கணவரின் உடைகளைப் பெறுகிறான். அன்றைய வரவு அந்த உடைகள். மாடியில் அவள் கண்டதைக் கேட்க அவனுக்குப் பொறுமையில்லை.

கூழாங்கல்

படத்தின் சாரமாக எங்கும் எடுத்துக்காட்டப்படுவது கூழாங்கல் உரையாடல். கயிற்றில் நடக்கும் 'பித்தன்' (ரிச்சர்ட் பேஸ்ஹார்ட்) ஸாம்பனோவைச் சீண்ட, அவன் கத்தியோடு துரத்திச் சிறைப்படுகிறான். அந்த இரவில் ஜெல்சோமினாவின் முன் வழிகள் சில திறக்கின்றன. சர்க்கஸ்காரர்கள் தங்களோடு வரச்சொல்கிறார்கள். பித்தனும் தன்னோடு வரலாம் என்பதுபோல் பேசிவிட்டுப் பின்வாங்குகிறான். தான் எதற்கும் பயனற்றவள் என்று அவள் கலங்கும்போது, தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, இதற்கும் ஏதோ ஒரு பயன் இருக்கும், இது பயனற்றதாயின் விண்மீன்களும் பயனற்றவையே என்னும் கருத்தை அவன் சொல்கிறான். ஸாம்பனோ பேச விரும்பியும் குரைக்க மட்டுமே தெரிந்த நாயைப் போன்றவன் என்றும் கூறுகிறான். நாய்களைப் பழக்கியவன் இங்கே தானே நாயாகிறான்.

உவமை அழகானது, அதன் விளைவோ வேறு. ஊதியமின்றி உழைப்பவளுக்கு, அடிப்பவனிடமே திரும்பிச் செல்வதற்கான காரணத்தை அது தந்துவிடுகிறது. பயன் என்ற சொல் 'யாருக்குப் பயன்' என்ற வினாவைச் சந்திக்காமலேயே புனிதமாகிறது. ஆன்மிக விளக்கங்கள் பித்தனின் சொல்லைப் படத்தின் சொல்லாகவே எடுத்துக்கொண்டன. ஆனால் பித்தன் எதையும் விளையாட்டாக்குபவன், தன் சாவு அண்மையில் உள்ளது என்பதைக்கூட. அவன் மகிழ்ச்சியாகச் சொன்னதன் விலையை அவள் செலுத்துகிறாள். ஃபெலினி இதை அறிந்தே அமைத்தாரா என்பது விவாதத்துக்குரியது. காட்சிகளின் வரிசை மட்டும் இவ்வாசிப்புக்குத்தான் துணைநிற்கிறது. பின்னர் வரும் கன்னிமாடத்தில், ஒரே இடத்தில் பற்றுவைத்துவிடாதிருக்க இரண்டாண்டுக்கு ஒருமுறை மடம் மாறுவதாக இளம் துறவி சொல்கிறாள். இருவருமே நாடோடிகள், இருவரும் தத்தம் துணைவரைப் பின்தொடர்பவர்கள் என்னும் ஒப்பீடும் அவள் வாயிலிருந்தே வருகிறது. அன்றிரவு ஸாம்பனோ அந்த மடத்தின் வெள்ளி நேர்த்திக்கடன் இதயங்களைத் திருட முயல்கிறான். உடன்பட மறுத்த ஜெல்சோமினாவுக்கு அடி கிடைக்கிறது.

வழியில் தற்செயலாக எதிர்ப்பட்ட பித்தனை ஸாம்பனோ அடித்துக் கொன்றபின் ஜெல்சோமினா வேலைக்கு உதவாதவளாகிறாள். பித்தனுக்கு உடம்பு சரியில்லை என்று முனகிக்கொண்டே இருப்பவளை வைத்து வேடிக்கை காட்ட முடியாது. பனி படர்ந்த இடத்தில் அவள் உறங்கும்போது, போர்த்திவிட்டு, கொஞ்சம் பணமும் அவளது எக்காளத்தையும் அருகில் வைத்துவிட்டு, வண்டியின் ஓசை எழாமல் தள்ளிக்கொண்டு போகிறான். தாயிடம் கொடுத்த பணத்தில் தொடங்கிய உறவு, உறங்குபவளின் பக்கத்தில் வைத்த பணத்தில் முடிகிறது. குற்றவுணர்வுக்கும் அவனிடம் வேறு மொழி இல்லை.

ஆண்டுகள் கழித்து, இரவுக் கடற்கரையில் குடித்துவிட்டு ஸாம்பனோ அழும் இறுதிக்காட்சி உலகத் திரைப்பட வரலாற்றில் புகழ்பெற்றது. அதை மீட்சியாக வாசிப்போர் பலர். அவன் அழுகை உண்மையானதே, முதற்காட்சியில் தாயின் அழுகையைப் போல. ஆனால் ஜெல்சோமினாவின் கடைசி நாட்களைக் கேமரா பின்தொடரவில்லை. அவளது சாவு அவன் கண்ணீருக்கான காரணமாகச் சுருங்கிவிடுகிறது. இது படத்தின் குறை என்றே கொள்ளவேண்டும். நினோ ரோட்டாவின் இசையின் வலிமை அக்குறையை உணரவிடாமல் செய்துவிடுகிறது.

அந்தச் சாவைச் சொல்ல ஃபெலினி தேர்ந்தெடுத்த குரல்தான் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. கையில் பனிக்கூழோடு உலவிக்கொண்டிருக்கும் ஸாம்பனோவின் காதில், ஜெல்சோமினா எக்காளத்தில் ஊதிய மெட்டு விழுகிறது. துணி உலர்த்திக்கொண்டே ஒரு பெண் அதை முணுமுணுக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவே: தந்தை ஒருநாள் கடற்கரையில் காய்ச்சலோடு கண்டெடுத்த பெண் ஒருத்தி தங்கள் வீட்டில் இருந்தாள், அதிகம் பேசமாட்டாள், இதை ஊதிக்கொண்டிருப்பாள், ஒரு காலையில் எழவில்லை. அந்தப் பெண் யாரென்று ஊரில் விசாரித்தும் தெரியவில்லை. சொல்லி முடித்து அவள் மீண்டும் துணிகளைக் கயிற்றில் போடுகிறாள்.