ஏளனத்தின் மறுபக்கம்

கிரகாம் கிறீனை நாவலாசிரியராக அறிந்தோர் பலர். அவர் 1935 முதல் 1940 வரை "ஸ்பெக்டேற்றர்" இதழிற் சினிமாத் திறனாய்வும் எழுதினார் என்பதை அறிந்தோர் சிலரே. ஏளனமே அவர் ஆயுதம். 1937இல் வேறோர் இதழிற் குழந்தை நடிகை சேர்லி டெம்பிளைப் பற்றி அவர் எழுதியது வழக்காகி, மறு ஆண்டு 3,500 பவுண் நட்டஈட்டில் முடிந்தது. (அவ்வெழுத்துக்கு நான் வக்காலத்து வாங்கேன்.)

ஹிச்கொக்கின் "சீக்ரெட் ஏஜென்ற்" 1936இல் வெளிவந்தபோது கிறீன் அதனை எள்ளினார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட "எ கன் போர் சேல்" யாது? கூலிக்குக் கொலை செய்தவனுக்குத் திருட்டு நோட்டுக்களே கூலியாகின்றன; பொலிசார் அவனைத் துரத்த, அவன் தன்னை ஏய்த்தவரைத் துரத்துகின்றான். ஹிச்கொக்கின் சரக்கன்றி வேறென்ன! தன் மனத்துக்கு மிக நெருங்கியதையே கிறீன் மிகக் கடிந்தார் என்பது என் துணிபு.

இத்தகைய நூல்களுக்குப் "பொழுதுபோக்கு" எனத் தனிப்பெயரிட்டு, நாவல் வரிசையினின்றும் விலக்கினார். மறைத்தார் என்பதினும், பந்தியிற் சேர்க்காது அடுக்களையில் வைத்து ஊட்டினார் என்பதே பொருந்தும். ஆயினும் அவ்வேலி நிலைக்கவில்லை. 1938இல் வந்த "பிறைற்றன் றொக்" இங்கிலாந்துப் பதிப்பில் நாவல்; அமெரிக்கப் பதிப்பிலோ பொழுதுபோக்கு.