தொண்டும் தொழில்நெறியும்: சமூகப்பணி குறித்த ஒரு மறுநோக்கு

‘சமூகத் தொண்டு’, ‘சமூக சேவை’, ‘சமூகப்பணி’ என்னும் மூன்று தொடர்களும் தமிழில் பெரும்பாலும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. தீபாவளிக்கு அரிசி வழங்கும் கொடையாளரையும், துன்புறுத்தப்பட்ட குழந்தையை வீட்டிலிருந்து மீட்பதா என முடிவு செய்யும் அலுவலரையும் நாம் ‘சமூக சேவையாளர்’ என்றே அழைக்கிறோம். இச்சொல்மயக்கம், சமூகப்பணியாளரிடம் தகுதியையும் பொறுப்பையும் கேட்கும் வழக்கத்தையே நம்மிடம் மங்கச் செய்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மலாயாவில் சமூகநல இலாகா 1946இல் தோன்றியது. மலேசியச் சமூகப்பணியாளர் சங்கம் 1973இல் அமைந்தது. 1975இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஆயினும் தொழில்சார் ஏற்பு எளிதில் கிட்டவில்லை. உளவள ஆலோசகர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. சமூகப்பணியாளருக்கான சட்டத்திற்கு அமைச்சரவை 2010இல் இசைவளித்தும், அடுத்த பத்தாண்டுகளில் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

இத்தாமதத்தின் விளைவு பணியாளரோடு நின்றுவிடுவதன்று. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைத் தற்காலிகக் காவலில் எடுக்கும் அதிகாரம் சமூகநல அதிகாரிக்கு உண்டு. குற்றம் புரிந்த சிறாரைப் பற்றிய நன்னடத்தை அறிக்கையும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி ஒருவர், ‘கண்டித்து வளர்க்கிறோம்’ என்று கூறுவதாகக் கொள்வோம். அது வாய்ச்சொல்லால் திருத்துவதையும் குறிக்கலாம், பிரம்படியையும் குறிக்கலாம். மேலும் வினவித் தெளியாமல் மலாயில் அறிக்கை எழுதப்பட்டால், ஒரு குடும்பம் தேவையின்றிப் பிரியலாம். அல்லது ஒரு குழந்தை ஆபத்திலேயே விடப்படலாம். நல்லெண்ணம் மட்டும் இவ்விடத்தில் போதாது.

தொண்டு நம் மரபின் பெருஞ்சொல் என்பதை மறுப்பதற்கில்லை. பெரியபுராணத்தின் இயற்பெயரே திருத்தொண்டர் புராணம். ஆயின் தொண்டர் இறைவனுக்குத் தம்மை ஒப்புவித்தவர். சமூகப்பணியாளர் தம் முடிவுகளுக்கு, தம்மை நாடி வந்தவரிடம் விடைகூறக் கடமைப்பட்டவர். இரகசியம் காத்தல், எழுத்துவடிவப் பதிவு, முறையீட்டுக்கு உட்படுதல் ஆகியவை அக்கடமையின் கூறுகள். மேலும், ‘சேவைதானே’ என்னும் மனப்பாங்கு குறைந்த ஊதியத்தையும் மிகுந்த பணிச்சுமையையும் நியாயப்படுத்தப் பயன்படுகிறது. சோர்ந்த பணியாளரால் இழப்புறுவோர் எளியோரே.

சட்டம் ஒன்றே தீர்வாகாது. புதிய பணியாளரின் வழக்குகளை மூத்தவர் ஒருவர் தொடர்ந்து கேட்டறிந்து நெறிப்படுத்தும் பணி மேற்பார்வையும், பணிக்காலம் முழுதும் தொடரும் பயிற்சியும் இன்றியமையாதவை. ஈண்டுத் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. நேர்காணலில் குடும்பங்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து அவற்றின் பொருள்வேறுபாடுகளை விளக்கும் கையேடு ஒன்றை அவை உருவாக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் இது பயன்படும். சிறார்க்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாதலின், மாணவர் மறைமொழியாகக் கூறுவதை உணரும் திறன் அவர்க்கும் தேவை.

முதற்படியாக, ‘சமூகப்பணியாளர்’ என்னும் சொல்லை முறையான பயிற்சி பெற்றவர்க்கே உரியதாக்கி, நம் பாடநூல்களிலும் இதழ்களிலும் ஆள்வோம். ஈகையாளர்க்குத் ‘தொண்டர்’ என்னும் சொல் எப்போதும் பெருமை சேர்ப்பதே.