குமரப் பருவத்து நூல்களைக் கற்பிக்கும் கலை

அமெரிக்கக் கல்லூரிகளில், நாளை ஆங்கில உபாத்தியாயர்களாகப் போகிறவர்களுக்குக் குமரப் பருவத்து இலக்கியம் என்றொரு பாடம் நடத்துவதுண்டு. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் கற்றவர்களுக்கு இது எதற்கு என்று சந்தேகிப்போர், அவ்வகுப்பில் ஒரு நாள் அமர்ந்து பார்த்தால் அதன் அருமையை உணர்வார்கள்.

ஓக்லஹோமாவைச் சேர்ந்த எஸ். இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதி 1967-ல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலையோ, ஒரு சிறுவன்மீதான கொலை வழக்கைத் திரைக்கதையாகவும் நாட்குறிப்பாகவும் மாறி மாறிச் சொல்லி, 2000-ல் குமரப் பருவத்து நூல்களுக்கான முதல் பிரின்ட்ஸ் விருதைப் பெற்ற வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' நாவலையோ கையில் கொடுத்துவிட்டு, நல்லாசிரியர் முதலில் கேட்பது, "படிக்கையில் உங்கள் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது?" என்பதே. வாசகரும் நூலும் சந்திக்குமிடத்தில்தான் இலக்கிய அனுபவம் பிறக்கிறது என்று 1938-லேயே இலக்கியக் கல்வி அறிஞர் லூயிஸ் ரோசன்பிளாட் அம்மையார் எடுத்துரைத்த தத்துவம் இங்கே அனுஷ்டானத்துக்கு வருகிறது.

தம் பதினாறாம் வயதின் தனிமையையும் ரோஷத்தையும் பயத்தையும் மாணவர்கள் நினைவுகூர்ந்து பேசி முடித்தபின், அச்சிறுவன் நிரபராதிதானா என்ற ஐயத்தை அந்தத் திரைக்கதை வடிவம் எவ்வளவு சாமர்த்தியமாக நம்மிடமே விட்டுவிடுகிறது என்று நூலுக்குள் மறுபடி அழைத்துச் செல்வதில்தான் ஆசிரியரின் நிபுணத்துவம் விளங்குகிறது. அனுபவத்திலிருந்து ஆராய்ச்சிக்கு ஏறும் இந்தப் படியைத் தாமே ஏறிப் பார்த்தவர்களே பிறரை ஏற்றிவிட வல்லவர்கள்.

இளம் உள்ளத்தை மதிக்கக் கற்பிக்கும் இப்பாடம், ஆசிரியப் பயிற்சியின் ஜீவநாடி என்பதே என் திடமான அபிப்பிராயம்.