இப்போ என்ன படிச்சிட்டிருக்கீங்க?

யாரைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் கேட்டிருக்கிறேன். "உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, மதிப்பாக ஒரு பெயரைச் சொல்வார்கள். "இப்போ என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும். நேற்று ராத்திரி எந்த இடத்தில் மூடி வைத்தார்களோ அந்த இடத்தின் சூடு குரலில் இருக்கும். பாதி படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர் அளவுக்கு அழகாகப் பேசுகிறவர் உலகத்திலேயே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

என்னைக் கேட்டால், உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. கேட்காவிட்டாலும் சொல்வேன்! ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் படித்துக்கொண்டு வந்தார். எத்தனையாவது தடவை என்று அவருக்கே கணக்கில்லையாம். இறங்கும்போது, "வாங்கிப் படிங்கம்மா, அப்புறம் என்னைத் திட்ட மாட்டீங்க" என்றார். திட்டவா? அவர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட வேண்டும்.

1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது. எழுதியவருக்கு அப்போது 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமாகும்வரை வந்த 122 அத்தியாயங்கள். பள்ளிப் பாடத்தில் தலைப்பாகைப் படத்தோடு வரும் 'தமிழ்த் தாத்தா'வை மட்டுமே தெரிந்தவர்கள் தயவுசெய்து முதல் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். தஞ்சாவூர் ராஜா ஒருவர் ஏகாதசி விரதத்தை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்டுவிடுகிறார். அதற்குப் பிராயச்சித்தமாக ஓர் அக்கிரகாரத்தையே கட்டித் தானம் செய்கிறார். அதுதான் ஐயர் பிறந்த உத்தமதானபுரம். ஒரு வெற்றிலையில் ஊரே முளைக்கிறது! நாவல் எழுதுகிறவர்கள் இப்படி ஒரு தொடக்கத்துக்குத் தவம் கிடக்க வேண்டும்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 'தளிர் ஆராய்ச்சி' என்ற அத்தியாயம்தான். 1871-இல் மாயூரத்துக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்து சேர்கிறார் ஐயர். பதினாறு முடிந்த பிள்ளை. அதற்குள் அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு அரியலூர், குன்னம், செங்கணம் என்று தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கும் ஊரெல்லாம் அலைந்தாயிற்று. கடைசியில் கடலே கிடைத்தது போல மகாவித்துவான் கிடைக்கிறார். ஆனால் பாடம் நடத்துவது மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளை. பெரியவர் வாயால் நேரடியாகக் கேட்க வேண்டும் என்று பையனுக்குத் தவிப்பு. எப்படிக் கிட்டே போவது?

பிள்ளையவர்களுக்குச் செடி கொடி மரம் என்றால் உயிர். வளர்ந்த மரங்களையே வேரோடு கொண்டுவந்து வீட்டுத் தோட்டத்தில் நட்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு மரமாகப் போய், புதிதாகத் தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். பையன் இதைக் கவனித்துவிடுகிறான். அவருக்கு முன்னாலேயே எழுந்து தோட்டத்தில் சுற்றி, எந்தக் கிளையில் புதுத் தளிர் எட்டிப்பார்க்கிறது என்று தேடி வைத்துக்கொள்கிறான். அவர் வந்ததும், "இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று" என்று காட்டுகிறான். பெரியவர் முகம் பூரித்துப் போகிறது. நாள்தோறும் இது நடக்க, தளிர் வழியாகவே பேச்சு வளர்ந்து பாடத்தில் போய் நிற்கிறது. ஆசிரியரின் பிரியத்துக்காக விடியற்காலையில் இலை தேடிய அந்தப் பையனை நினைத்து நான் அழுதேவிட்டேன். இந்த ஒரு அத்தியாயத்தை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். என் மாமியார் டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்டார். எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயமல்ல!

இன்னொரு இடம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அந்த வேலை ஐயருக்குக் கிடைக்கிறது. அதே வருஷம் அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். முதலியார் கேட்டது ஏறக்குறைய என்னுடைய கேள்விதான்: என்ன படித்திருக்கிறீர்கள்? ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அதிலிருந்து பிடித்தது வேட்கை. ஏழு வருஷம் கழித்து, 1887-இல், ஐயரின் பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறுகிறது. பிறகு 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. இன்றைக்கு நாம் மார்தட்டிக்கொள்ளும் இவ்வளவும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'என்ன படித்தீர்' என்று கேட்டதில் தொடங்கியது என்று நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

சிந்தாமணி சமண காவியமாயிற்றே, சந்தேகம் கேட்க ஐயர் கும்பகோணத்திலேயே ஒரு ஜைனர் வீட்டைத் தேடிப் போகிறார். வாசலில் கோலம், மாவிலைத் தோரணம். வீட்டில் விசேஷம் போலிருக்கிறதே என்று விசாரித்தால், மாதக் கணக்கில் கூடி உட்கார்ந்து சிந்தாமணி படித்து வந்தார்களாம், அன்றைக்குத்தான் முடித்தார்களாம். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததற்குத் தோரணம்! அந்தப் பக்கத்தை வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டு வாசலிலும் கட்டப் போகிறேன், நிச்சயமாக.

என்னுடையதைச் சொன்னால் மற்றவர்களுடையது தானாக வந்து கொட்டும். ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவுத் தம்பி பூமணியின் 'வெக்கை'யில் இருக்கிறான். 2019-இல் வந்த 'அசுரன்' படத்தைப் பார்த்துவிட்டு, இது 1982-லேயே வந்த நாவலாமே என்று தேடிப் பிடித்தானாம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தவன் சாப்பிடவே இல்லை. "அக்கா, படத்துல சண்டைதான் மனசுல நின்னுச்சு. இதுல கொலை பண்ணிட்டு ஒளிஞ்சு திரியிற பையனும் அப்பனும் காட்டுக்குள்ள அடுப்பு மூட்டிச் சோறு பொங்குறாங்க பாருங்க, அதான் நிக்குது. வெட்டுனவன் பசியோட இருக்கான்னு யாருக்கா யோசிப்பா?" என்றான். இதைவிட நல்ல விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை. கரிசல் காட்டுப் புழுதியும் ஓடைத் தண்ணீரும் அந்த மத்தியான வேளையில் எங்கள் மேஜைமேல் வந்து உட்கார்ந்துகொண்டன.

பக்கத்து வீட்டு மாமி அசோகமித்திரனின் 'தண்ணீர்' படிக்கிறார். அவர் சென்னையில் குடித்தனம் நடத்திய காலத்தில் ராத்திரி கண்விழித்து அடிபம்பில் குடம் நிரப்பியவர். "ஏண்டிம்மா, இந்த மனுஷர் எங்க தெருவுல ஒளிஞ்சிண்டு பார்த்தாரோ?" என்று ஜமுனாவையும் சாயாவையும் சொந்த அக்கா தங்கை மாதிரி பேசுகிறார்.

பினாங்கில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை அங்கேயே வைத்துப் படிக்கிறான். ஐயோ, அந்தப் பொறாமையை எங்கே போய்ச் சொல்ல! மெடான் நகருக்குள் ஜப்பான் படை நுழைவதில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தென்கிழக்கு ஆசியாவில் மதுரைச் சீமை நினைப்போடு அலையும் பாண்டியனின் கதை. 1972-இல் வெளியான அந்த நாவல் இன்றைக்கும் புதுக் கருக்கு அழியாமல் இருக்கிறது. "சித்தி, பாண்டியன் நடந்த ஊர்லதான் நான் நடந்துட்டிருக்கேன்" என்று தெருவில் நின்றே குரல்பதிவு அனுப்பினான். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கிறது, மழை கேட்கிறது, அவன் மூச்சு வாங்குகிறது. அன்றைக்கே என் பழைய பிரதியை எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டேன்.

ஆனால் முதலில் ஐயரை முடிக்க வேண்டும். முடிக்க மனசே இல்லை, தினம் ஓர் அத்தியாயத்துக்கு மேல் படிப்பதில்லை என்று கட்டுப்பாடு. வாழ்க்கை முழுவதையும் எழுதுவதற்குள் அவர் போய்விட்டதால் சரித்திரம் நடுவழியில் நின்றுவிடும் என்று தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள, அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப் பிரான்' இருக்கிறது என்று நூலகர் சொன்னார். கையோடு எடுத்து வந்தேன். இப்போது அதை என் மாமியார் படித்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், "இன்னும் பாதி இருக்கு, பொறு" என்கிறார்.