வற்றாத கிணறு

‘ட்விலைட் இன் தி டெஸர்ட்’ என்று ஒரு புத்தகம். மாத்யூ சிம்மன்ஸ் எழுதி 2005இல் வந்தது. சவுதியின் எண்ணெய் உற்பத்தி சீக்கிரமே இறங்குமுகம், உலகம் தாங்காது என்று 400 பக்கத்துக்கு மேல் பயமுறுத்தினார். நானும் பயந்தவன்தான். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது, ‘மனுஷன் அப்பவே சொன்னார் பாருங்க’ என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். போன வாரம் பரணில் வேறெதையோ தேடும்போது புத்தகம் கையில் கிடைத்தது. திரும்பப் படித்தேன்.

சிம்மன்ஸ் புவியியல்காரர் இல்லை. ஹூஸ்டனில் எண்ணெய்த் தொழிலுக்குப் பணம் திரட்டிக் கொடுத்த பாங்கர். சவுதி வயல்களின் உள்கணக்கு அப்போது வெளியே வராது. இவர் என்ன செய்தார் தெரியுமா? அங்கே வேலை பார்த்த இன்ஜினீயர்கள் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரைகளில் 200க்கு மேல் தேடிப்பிடித்து, துப்பறிகிறவர் மாதிரி வரிவரியாகப் படித்தார். கவார் என்பது உலகின் மிகப்பெரிய எண்ணெய் வயல். 280 கிலோமீட்டர் நீளம். சென்னையில் கிளம்பினால் கிட்டத்தட்டப் பெரம்பலூர் வந்துவிடும். அழுத்தம் குறையாமலிருக்க உள்ளே தண்ணீரைச் செலுத்துகிறார்கள். அந்தத் தண்ணீர் எண்ணெயோடு சேர்ந்து மேலே வர ஆரம்பித்தால் வயலுக்கு வயசாகிறது என்று அர்த்தம். இந்த அத்தியாயங்கள் முழுக்கப் புள்ளிவிவரம், ஆனாலும் அலுக்கவில்லை. யோக்கியமான உழைப்பு. 2019இல் கடன் பத்திரம் விற்பதற்காக அராம்கோ கணக்கைத் திறந்து காட்டியபோது கவாரின் திறன் தினம் 38 லட்சம் பீப்பாய் என்று தெரிந்தது. 50 லட்சம் என்றல்லவா பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்!

அப்புறம் எங்கே சறுக்கினார்? கிணற்றைப் பார்த்த மனிதர் சந்தையைப் பார்க்கவில்லை. அவர் உலகத்தில் விலை ஏறும். ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நிஜத்தில் 2008 டிசம்பருக்குள் விலை 40 டாலருக்குக் கீழே போய்விட்டது. பொருளாதாரம் படுத்தது, வாங்க ஆள் இல்லை. இன்னொரு பக்கம், அவர் ஆபீஸ் இருந்த அதே டெக்ஸாஸில் ஜார்ஜ் மிட்செல் என்பவர் தண்ணீரையும் மணலையும் பாய்ச்சிப் பாறையைப் பிளந்து 1990களிலேயே காஸ் எடுத்துக்கொண்டிருந்தார். செலவு பிடித்த வேலைதான். விலை ஏறியதும் எண்ணெய்க்கும் அதுவே கட்டுப்படியாயிற்று. 2008இல் தினம் 50 லட்சம் பீப்பாயில் தேங்கிக் கிடந்த அமெரிக்கா 2019இல் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. சிம்மன்ஸ் எச்சரித்த விலையேற்றமே அவர் ஜோசியத்தைப் பொய்யாக்கியது.

2020 ஏப்ரல் 20 கூத்து இன்னும் வேடிக்கை. கொரோனாவில் ஊரெல்லாம் வீட்டுக்குள். ஓக்லஹோமாவின் குஷிங்கில் தொட்டிகள் நிரம்பும் நிலைமை. மே மாத ஒப்பந்தம் முடிய ஒரு நாள் இருக்க, எண்ணெயைக் கொண்டுபோய் வைக்க இடமில்லாதவர்கள் பீப்பாய்க்கு 37 டாலர் கையிலிருந்து கொடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

சவுதி வயல்கள் பற்றிய அத்தியாயங்களை அவசியம் படியுங்கள். கடைசிப் பகுதியைப் புரட்டினால் போதும்.

பந்தயத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே. 2010இன் சராசரி விலை, 2005 டாலர் மதிப்பில், 200ஐத் தாண்டும் என்று பத்திரிகையாளர் ஜான் டியர்னியிடம் 5,000 டாலர் பந்தயம் கட்டியிருந்தார். சராசரி 80 டாலர்தான் வந்தது, அதுவும் அன்றைய மதிப்பில். முடிவைப் பார்க்க அவர் இல்லை. 2010 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். கணக்கைச் சரிபார்த்த அவர் சகாக்கள், பணம் டியர்னிக்கே என்று சொல்லிவிட்டார்கள்.