பலகையில் எழுதிய குடும்பம்

சென்னை உணவகங்களின் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'ஃபேமிலி'. ஃபேமிலி ரெஸ்டாரண்ட், ஏ.சி. ஃபேமிலி ஹால், ஃபேமிலி ரூம் மாடியில் உள்ளது, குடும்பத்தினருக்குத் தனி இடவசதி உண்டு. தியாகராய நகரின் தங்கும் விடுதி வாசல்களிலும் இதே சொல் தொங்குகிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், எங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று கேட்கும் பெண்ணுக்கு இந்த நகரம் சொல்லும் பதில் இந்த ஒற்றைச் சொல்தான். இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல அந்தச் சொல்லை வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'குடும்பம்' என்ற சொல் திருக்குறளின் 1029ஆம் பாடலில், குடிசெயல்வகை அதிகாரத்தில் வருகிறது. தன் குடும்பத்துக்குக் குறை வராமல் காப்பவனின் உடம்பு துன்பத்துக்கே கொள்கலமோ என்று அந்தக் குறள் கேட்கிறது. காப்பவன் அங்கே ஆண்பாலில் இருக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு ஃபேமிலி ஹாலுக்குள் போய்ப் பார்த்தால் கொள்கலமாக இருக்கும் உடம்பு யாருடையது என்று தெரிந்துவிடும். மடியில் குழந்தை, தோளில் பை, இடக்கையில் ஃபிளாஸ்க், வலக்கையில் குழந்தைக்கு மசித்த பருப்புசாதம். கணவர் சூடாகச் சாப்பிட்டு முடித்த பிறகு குழந்தை கைமாறும். அதற்குள் அவள் தோசை ஆறி விறைத்திருக்கும். குழந்தை அழுதால் எழுந்து வாசலுக்குப் போகிறவளும் அவள்தான். குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

இந்தச் சொல் யாரைக் காப்பாற்றுவதற்காகப் பலகை ஏறியது? குழந்தையை அல்ல. ஃபேமிலி ரூம் என்பது தனியாக வரும் ஆண்களை வெளியே நிறுத்தும் கதவு. பெண்களை ஆண்கள் வெறித்துப் பார்க்கும் பழக்கத்தை மாற்றுவதற்குப் பதிலாக, பெண்களைத் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைக்கும் ஏற்பாடு. அந்தத் தடுப்பு நமக்கு நிம்மதி தருகிறது என்பது உண்மை. பால் கொடுக்க வேண்டிய நேரத்தில் அந்த மறைப்பு எவ்வளவு பெரிய உதவி என்பதும் உண்மை. ஆனால் நிம்மதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உள்ளே போகும் பெண் 'ஃபேமிலி'யாக இருக்க வேண்டும், அதாவது பக்கத்தில் ஓர் ஆண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையில் ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும்.

பலகைச் சொற்களோடு சண்டை போட்ட வரலாறு இந்த நகரத்துக்கு உண்டு. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு, பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். மறு ஆண்டு அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. உணவகப் பலகை என்பது வெறும் விளம்பரமல்ல, யாருக்கு எந்த இடம் என்பதற்கான தீர்ப்பு என்று அந்தப் போராட்டம் காட்டியது. 'பிராமணாள்' என்ற சொல்லும் 'ஃபேமிலி' என்ற சொல்லும் ஒன்றல்ல. முன்னது பிறப்பால் ஒதுக்கியது. பின்னது பாதுகாப்பின் பெயரால் வரிசைப்படுத்துகிறது. ஆனால் இரண்டையும் ஒரே கேள்வியோடு வாசிக்கலாம்: இந்தச் சொல் இருப்பதால் வாசலில் தயங்கி நிற்பவர் யார்?

அப்படித் தயங்குபவர்களில் குழந்தையோடு தனியாக வரும் பெண் ஒருத்தி. மணமுறிவு பெற்றவள், கணவனை இழந்தவள், மணமாகாமல் பெற்றவள், கணவன் வெளிநாட்டில் இருப்பவள், அல்லது இன்றைக்குத் தனியாகப் போகலாம் என்று நினைத்தவள். பகல் நேர உணவகத்தில் குழந்தை அவளுக்கு அனுமதிச் சீட்டாகிறது. மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011இல் வெளிவந்த 'வொய் லாய்ட்டர்?' என்ற நூல், பொதுவெளியில் இருக்கும் பெண் தான் அங்கே இருப்பதற்கு ஒரு காரணத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்கிறது. சென்னையில் கைக்குழந்தை அப்படிப்பட்ட காரணம். நாகேஸ்வர ராவ் பூங்காவின் பெஞ்சில் ஒரு பெண் தனியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கண்கள் திரும்பும். எதிரே சறுக்குமரத்தில் அவள் குழந்தை இருந்தால் திரும்பாது. அவளுக்குக் கிடைத்த ஒரு மணி நேரமும் குழந்தையின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அந்த அனுமதிச் சீட்டு இரவில் செல்லாது. குழந்தையும் பெட்டியுமாக விடுதிக்கு வரும் பெண்ணிடம் அடையாள அட்டையோடு முடிய வேண்டிய விசாரணை, "சார் பின்னாடி வர்றாரா?" என்று நீள்கிறது. பெண் தனியாக அறை எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்குவதே குற்றமல்ல என்று கோயம்புத்தூர் விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. சட்டம் கேட்காத கேள்வியை 'ஃபேமிலி ரூம்ஸ்' என்ற பலகை கேட்கிறது.

சரி, எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றி உள்ளே போன குழந்தைக்காவது அங்கே ஏதாவது இருக்கிறதா? பல இடங்களில் ஒரு குழந்தை நாற்காலி இருக்கும். அதன் வார் அறுந்திருக்கும். கேட்டால் வெந்நீர் வரும். காரமில்லாத சாம்பார் வேண்டும் என்றால், சலித்துக்கொள்ளாமல் நெய்யும் சர்க்கரையும் கொண்டுவந்து வைக்கும் சர்வர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களின் அன்பில் குறையில்லை. குறை கட்டடத்தில் இருக்கிறது. டயப்பர் மாற்ற ஒரு பலகைத் தட்டு இல்லை. ஈரத்தரை, சாய்ந்து தொங்கும் தாழ்ப்பாள், பையை மாட்ட ஒரு கொக்கி கூட இல்லாத கழிப்பறை. அபூர்வமாக அந்தத் தட்டு இருந்தாலும் அது பெண்கள் கழிப்பறையில் இருக்கிறது. குழந்தையின் மலம் தாயின் பொறுப்பு என்பதைச் சுவரில் ஆணி அடித்து எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் 2016 அக்டோபரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், மத்திய அரசின் பொதுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் இந்தத் தட்டு இருக்க வேண்டும் என்றது. சிறிய தட்டுதான். ஆனால் "நீங்க இருங்க, நான் மாத்திட்டு வரேன்" என்று ஒரு தந்தை எழுந்து போவதற்கு, போய் நிற்க ஓர் இடம் வேண்டுமல்லவா?

மறைப்புக்கு விலையும் உண்டு. ஃபேமிலி ஹால் பெரும்பாலும் ஏ.சி. ஹால். அங்கே அதே இட்லிக்கு வேறு விலைப்பட்டியல். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, குளிரூட்டப்படாத உணவகத்துக்கு 12 சதவீதம், குளிரூட்டப்பட்டதற்கு 18 சதவீதம் என்று வரியே பிரிந்திருந்தது. அந்த நவம்பரில் இரண்டும் 5 சதவீதமாகின. வரி வேறுபாடு போய்விட்டது, விலைப்பட்டியல் வேறுபாடு போகவில்லை. பால் கொடுக்க மறைவிடம் தேடும் பெண் குளிர்காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறாள். கட்ட முடியாதவள் பேருந்து நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

பேருந்து நிலையம் என்று நான் கேலிக்காகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இந்தத் தேவையைத் தேவையாகவே பார்த்த முக்கியமான அரசு நடவடிக்கை அங்கேதான் நடந்தது. 2015 ஆகஸ்டில் முதலமைச்சர் ஜெயலலிதா மாநிலம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் தொடங்கிவைத்தார். அந்த அறையின் பலகையில் 'குடும்பம்' இல்லை, 'தாய்' இருந்தாள். யாரோடு வந்தாள் என்று அது கேட்கவில்லை. பூட்டிய அறை, சாவி யாரிடம் என்று தெரியாத அறை, துடைப்பமும் வாளியும் குடியேறிய அறை என்று பிறகு எழுந்த புகார்கள் பராமரிப்பைப் பற்றியவை, கருத்தைப் பற்றியவை அல்ல. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், பொது இடங்களில் பாலூட்டும் அறைகளும் குழந்தைப் பராமரிப்பு வசதிகளும் அமைவதை மாநிலங்கள் உறுதிசெய்ய வேண்டும் என்ற திசையில் உத்தரவிட்டது. ஆனால் 'தாய்' என்ற சொல்லிலும் ஒரு குறை உண்டு. புட்டிப்பாலோடு வரும் அப்பாவும் தாத்தாவும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். தேவையின் பெயரைப் பலகையில் எழுதினால் இந்தக் குறை தீரும்: பாலூட்டும் இடம், டயப்பர் மாற்றும் இடம், குழந்தையைத் தூங்கவைக்கும் இடம்.

இன்னொரு பெண்ணையும் இந்தச் சொல் மறைக்கிறது. நாம் குழந்தையோடு துணி எடுக்கப் போகும் தியாகராய நகரில், நம் குழந்தைக்குக் கவுனைப் போட்டு அளவு பார்த்துச் சிரிக்கவைக்கும் விற்பனைப் பெண். மேஜையைத் துடைத்து, நம் குழந்தை கொட்டிய ரசத்தை வாரும் பெண். ரங்கநாதன் தெருத் தொழிலாளர்களின் வாழ்க்கையை 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைக்குக் கொண்டுவந்தது. வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொல்ல 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உட்காருவதே சட்டமாக வேண்டியிருந்த இடத்தில், அவர்கள் குழந்தை எங்கே இருக்கிறது என்று யார் கேட்பார்கள்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. குழந்தைகளுக்கு உகந்த கடை எது என்று பட்டியல் போடும்போது, பொம்மைப் பிரிவு எந்த மாடியில் என்று கேட்கும் நாம் காப்பகம் எந்த மாடியில் என்றும் கேட்கலாம். வாடிக்கையாளரின் குழந்தைக்கு மட்டும் உகந்த இடத்தைக் குழந்தைகளுக்கு உகந்த இடம் என்று சொல்ல முடியாது.

நல்ல இடங்கள் எப்படி இருக்கும் என்பது இந்த நகரத்துக்குத் தெரியாததல்ல. கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் சர்வர் வந்து கதவில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். குழந்தைகள் மரங்களுக்கு நடுவே ஓடுவார்கள். யாரும் அடுத்த ஆளுக்காக நாற்காலியின் பின்னால் வந்து நிற்கமாட்டார்கள். அது உள்ளே வரக் காசு உள்ளவர்களின் இடம்தான், பெரும்பாலும் கார் உள்ளவர்களின் இடம். ஆனால் குழந்தையின் ஓட்டமும் தாயின் காபியும் ஒரே நேரத்தில் நடக்க முடிந்த இடம். அந்த நிலத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. கார் இல்லாதவர்களும் உள்ளே வந்தார்கள். அது முன்னேற்றம். எதிர்ப்புறத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50. இரண்டு பிள்ளைகளோடு வரும் தாய் வாசலிலேயே 200 ரூபாய் வைக்க வேண்டும். அதற்கு மேல் விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டணம். பொதுநிலம் ஒரு பக்கம் திறக்கும்போதே இன்னொரு பக்கம் டிக்கெட் கவுண்டராகிறது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் வேறு விதம். 2010 செப்டம்பரில் திறந்த அந்தக் கட்டடத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு பெரிய பிரிவு இருக்கிறது. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது, உயர் நீதிமன்றம் தடுத்தது. குழந்தையின் நோய்க்கு இடம் தரலாம், குழந்தையின் வாசிப்புக்கு இவ்வளவு பெரிய இடம் எதற்கு என்ற எண்ணம் அதில் தெரிந்தது. இன்று அங்கே அம்மாவும் பிள்ளையும் ஒரு முழுப் பகலைக் கழிக்கலாம். எதையும் வாங்க வேண்டியதில்லை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வந்தபோதும் இதுதான் நடந்தது: கடைக்குள் போகாமலும் அங்கே உட்காரலாம், ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நேராக நடக்கலாம். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போடப்பட்ட மரப்பாதையும் அப்படியே. சக்கர நாற்காலி போகும் இடமெல்லாம் குழந்தை வண்டியும் போகும். மாற்றுத்திறனாளிகள் போராடிப் பெறும் ஒவ்வொரு சாய்தளமும் கைக்குழந்தைக்காரிக்கும் வழி. இந்த இடங்களில் எதன் பலகையிலும் குடும்பம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூலகத்தில் 'குழந்தைகள்' என்றிருக்கிறது. நடைபாதையில் எதுவும் எழுதத் தேவையே இல்லை.

ஆகவே, ஓர் இடம் குழந்தைகளுக்கு உகந்ததா என்று மதிப்பிட வேறொரு அளவுகோல் வேண்டும். நட்சத்திரங்களும் புகைப்படங்களும் போதாது. ஒரு பெண், ஒரு கைக்குழந்தை, ஒரு பை. இந்த மூன்றும் யார் துணையும் இல்லாமல் அங்கே இரண்டு மணி நேரம் இருக்க முடியுமா? அவள் சாப்பாடு சூடாக இருக்கும்போதே சாப்பிட முடியுமா? அவள் இடத்தில் ஒரு தந்தை வந்தால் அவனாலும் எல்லாம் செய்ய முடியுமா? அங்கே வேலை செய்யும் பெண்ணின் குழந்தைக்கும் ஒரு மூலை இருக்கிறதா? காசில்லாதவள் வாசலோடு நிற்க வேண்டியிருக்கிறதா? மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் நாம் போகும் இடங்களில் இந்தக் கேள்விகளை உரக்கக் கேட்போம், முதலாளியிடம், மேலாளரிடம், மாநகராட்சியிடம். சர்வரிடம் வேண்டாம், அவருக்கும் உட்கார இடமில்லை.