தேடினால் கிடைக்காதவர்கள்

அலுவலக சாட் செயலியில் ஒரு பெயரைத் தேடுகிறீர்கள். முடிவு எதுவும் இல்லை என்கிறது. அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருக்கலாம், நீங்கள் எழுத்தைத் தவறாக அடித்திருக்கலாம், உங்கள் கண்ணில் அவர் படக்கூடாது என்று யாரோ ஏற்பாடு செய்தும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பதில்தான். பணியாளர் தேடலில் யார் தெரிய வேண்டும், யார் தெரியக் கூடாது என்று நிர்வாகம் கட்டுப்படுத்தும் வழக்கத்தின் பலமும் கோளாறும் இந்தப் பேசாமையில்தான் இருக்கின்றன.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸை எடுத்துக்கொள்வோம். அமைப்புகளைத் தொடாமல் விட்டால் நிறுவனத்தில் யாரும் யாரையும் தேடிப் பிடிக்கலாம். அட்மின் ஒரு பொத்தானை மாற்றினால், தேடல் மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் அமைப்பான எக்ஸ்சேஞ்சின் முகவரிப் புத்தகக் கொள்கைக்குக் கட்டுப்படும். இந்தக் கொள்கை எக்ஸ்சேஞ்ச் 2010இன் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு வந்தது. ஆட்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பட்டியல் கொடுப்பது அதன் வேலை. மின்னஞ்சல் காலத்தில் பிறந்த ஏற்பாடு இன்றைக்கு அரட்டைக்குக் காவல் நிற்கிறது.

இதற்கு நியாயமான தேவைகள் உண்டு. ஒரே குழுமத்தின் நாலைந்து கம்பெனிகள் ஒரே கணக்கமைப்பில் இயங்கும்போது, இங்குள்ளவருக்கு அங்குள்ளவர் பெயர் தேவையில்லை. பள்ளிகளில் தேவை இன்னும் தெளிவானது. ஆறாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் முகம் தெரியாத ஒருவருக்குச் செய்தி அனுப்ப வழி வைத்திருப்பது எந்தத் தலைமையாசிரியருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். நம் ஊர் ஐடி நிறுவனங்களில் வேறொரு தொல்லை. 'கார்த்திக்' என்று அடித்தால் வரிசையாகக் கார்த்திக்குகள். இனிஷியல் சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால், சிலருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராக முழுசாக. சம்பளக் கோப்பு தவறான கார்த்திக்குக்குப் போய்ச் சேர இது போதும். பட்டியல் சுருங்கினால் விபத்தும் குறையும்.

ஆனால் இதைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை. முகவரிப் புத்தகத்தில் பெயரை மறைப்பது அஞ்சலைத் தடுக்காது. முகவரி தெரிந்தவர் எழுதலாம், அது போய்ச் சேரும். ஒரு கூட்ட அழைப்பிலோ, நகல் வரிசையிலோ மறைந்தவர் பெயர் வெளிவந்தே தீரும். வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டதாக நினைப்பது மாதிரிதான் இது. இது தோற்றத்தளவிலான பிரிப்புதான், சட்டபூர்வப் பிரிப்பு அல்ல என்று மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது.

உண்மையான பிரிப்பு வேண்டிய இடங்கள் இருக்கின்றன. 2003இல் வால் ஸ்ட்ரீட்டின் 10 பெரிய நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலருக்கு ஒரு சமரசத்துக்கு ஒப்புக்கொண்டன. வங்கித் தொழில் வருமானத்துக்காகப் பங்கு ஆய்வறிக்கைகளை வளைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆய்வாளர்களுக்கும் முதலீட்டு வங்கிப் பிரிவுக்கும் நடுவே சுவர் எழுப்புவது நிபந்தனைகளில் ஒன்று. டீம்ஸில் 'தகவல் தடுப்பு' என்ற தனி வசதி இந்த வேலைக்கானது. அதை அமல்படுத்தினால் பெயர் மறைவதோடு நிற்காது. இரு தரப்பின் பழைய அரட்டைகளைப் படிக்க மட்டும் முடியும், தொடர முடியாது.

சுவருக்கு வாசலும் வேண்டும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகள் நிறுவனத்துக்குள் சுவர் கேட்கின்றன; ஒருவரை அதைத் தாண்ட அனுமதிக்கும் நடைமுறையையும் சேர்த்தே கேட்கின்றன. தேடல் மறைப்பில் இந்த இரண்டாவது பாதி கிடையாது. இங்கே சிலர் மறைக்கப்பட்டிருக்கிறார்கள், தேவையென்றால் இன்னாரைக் கேளுங்கள் என்று ஒரு வரி வந்தால்கூடப் போதும். அது வராததால், தேடியவருக்குத் தான் தடுக்கப்பட்டதே தெரிவதில்லை. தெரியாத தடையை எதிர்த்து யார் முறையிடுவார்கள்?

இதைப் பராமரிக்கும் பாடு தனி. கிளவுடில் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் புதிதாக ஒரு முகவரிப் பட்டியல் போட்டால், ஏற்கனவே இருக்கும் கணக்குகள் தானாக அதில் வந்து சேராது. பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை பழைய சர்வரில் உண்டு, இங்கே இல்லை. ஒவ்வொரு கணக்கிலும் ஏதோ ஒரு புலத்தைச் சும்மா மாற்றித் தொட்டால்தான் அது பட்டியலில் சேரும். ஏற்கனவே இருப்பவர்கள் புதிய பட்டியலில் விடுபட்டுப் போவது இப்படித்தான்.

இந்தியாவில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒப்பந்தப் பணியாளர் விஷயம். செலவு கருதியோ அச்சம் கருதியோ அவர்களுக்குச் சுருக்கப்பட்ட கணக்கு கொடுப்பது எளிது. ஸ்லாக் அரட்டைச் செயலியில் ஒற்றைச் சேனல் விருந்தினராகச் சேர்க்கப்பட்டவருக்கு அந்தச் சேனலில் இருப்பவர்களைத் தாண்டி யாரும் தெரியமாட்டார்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள பணியிடங்களில் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. குழுவை அமைத்த ஆணையைப் பலர் பார்வையில் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. ஒப்பந்தப் பணியாளரும் பயிற்சியாளரும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறவர்கள். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகை வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தேடல் பெட்டிதான் பலகை. அதில் குழுத் தலைவரின் பெயர் வராது என்றால், ஆணை சுவரில் இருந்து என்ன பயன்?

கடைசியாக, மேலதிகாரிகளை மறைப்பது. முகவரிப் புத்தகக் கொள்கையை ஒருதலையாக அமைக்க முடியும்: மேலே இருப்பவருக்கு எல்லோரும் தெரிவார்கள், கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர் தெரியமாட்டார். தொந்தரவுதான் காரணம் என்றால் டீம்ஸில் 'தொந்தரவு செய்யாதே' நிலை இருக்கிறது. அப்போதும் யாருடைய அழைப்பு மட்டும் வரலாம் என்று அவரே பட்டியல் போட்டுக்கொள்ளலாம். அந்த வசதியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நேராகப் பெயரை எடுக்கச் சொல்லும் அதிகாரியிடம், எழுத்தில் ஒரு காரணமும் ஒரு முடிவுத் தேதியும் வாங்கிய பிறகே அட்மின் அதைச் செய்ய வேண்டும்.